ஐந்து வாரத்தில் வைவா. எங்கிருந்து தொடங்குவது? அட்டவணையில் ஒரு தப்பும் இருக்கிறது

கேள்வி: குளுகோர் வாசகி

வணக்கம். பினாங்கில் கல்வியியலில் முனைவர் பட்ட ஆய்வேட்டை ஒப்படைத்துவிட்டேன். வைவா, அதாவது ஆய்வேட்டைப் பற்றிய வாய்மொழித் தேர்வின் நாள் குறித்துக் கடிதம் வந்திருக்கிறது. இன்னும் ஐந்து வாரம்தான். காலை 10 மணிக்கு. தலைவர் ஒருவர், உள் தேர்வாளர் ஒருவர், வெளித் தேர்வாளர் ஒருவர். மேற்பார்வையாளரும் அறையில் இருக்கலாம் என்று போட்டிருக்கிறது.

ஆய்வேடு மலாயில், 312 பக்கம். பினாங்கு மாநிலத்தின் 28 தமிழ்ப்பள்ளிகளில் ஆசிரியரின் கண்டிப்புக்கும் வகுப்பில் வாசிப்புக்கு ஒதுக்கும் நேரத்துக்கும் உள்ள தொடர்பு பற்றியது. என் ஆய்வு எல்லைக்குள் வரும் ஆசிரியர்கள் 480 பேர். 260 கேள்வித்தாள் கொடுத்தேன், 214 திரும்பி வந்தன. அதன் பிறகு 12 பேரிடம் தமிழில் நேர்காணல். அவர்கள் சொன்னதை மலாயில் மொழிபெயர்த்து மேற்கோளாகப் போட்டிருக்கிறேன்.

இந்த ஐந்து வாரத்தை எப்படிப் பிரித்துக்கொள்வது? எந்த மாதிரிக் கேள்விகள் வரும்? தெரியாத கேள்வி வந்தால் என்ன சொல்வது? ஸ்லைடு எத்தனை?

இன்னொன்று. ஒப்படைத்த பிறகுதான் 147ஆம் பக்கத்தில் அட்டவணை 4.6இல் ஒரு தப்பு கண்ணில் பட்டது. நான்கு வரிகளில் எண்ணிக்கை 61, 88, 43, 22. பக்கத்தில் விழுக்காடு 29.8, 41.1, 20.1, 10.3. கூட்டினால் 101.3 வருகிறது. இதை நானே முந்திக்கொண்டு சொல்வதா, கேட்டால் மட்டும் சொல்வதா?


பதில்: பாகான் டாலாம்

டீச்சர், முதலில் அந்த அட்டவணையைப் பார்த்துவிடுவோம். அதை மனதில் வைத்துக்கொண்டு மற்றதைப் படிக்க முடியாது.

பின்னத்தை முழுமையாக்குவதால் கூட்டுத்தொகை 99.9 ஆகலாம், 100.1 ஆகலாம். 101.3 ஆகாது. ஆகவே இது வேறு வகைத் தப்பு. 88ஐ 214ஆல் வகுத்தால் 41.1, 43க்கு 20.1, 22க்கு 10.3. மூன்றும் சரி. 61க்கு வர வேண்டியது 28.5. நீங்கள் போட்டிருப்பது 29.8. 61ஐ எந்த எண்ணால் வகுத்தால் 29.8 வரும் என்று பின்னோக்கிப் போங்கள். 205 மட்டும்தான் பொருந்தும். 214க்கும் 205க்கும் வித்தியாசம் 9. ஏதோ ஒரு கேள்விக்கு 9 பேர் பதில் எழுதாமல் விட்டிருக்கலாம், அந்த எண்ணிக்கையில் கணக்கிட்ட ஒரு விழுக்காடு இங்கே ஒட்டிக்கொண்டிருக்கலாம். ஆய்வேட்டு கோப்பில் 205 என்று தேடிப் பாருங்கள். காரணம் கிடைத்துவிட்டால் இது வெறும் எழுத்துப்பிழை மாதிரி. காரணம் தெரியாமல் நின்றால்தான் "மற்ற அட்டவணைகளை எப்படி நம்புவது?" என்ற கேள்வி எழும். அதற்காகவே நான்காம் அத்தியாயத்தின் எல்லா அட்டவணைகளையும் ஒரு நாள் உட்கார்ந்து மறுபடி கூட்டிவிடுங்கள். விளக்கப் பத்தியிலும் 29.8 என்று எழுதியிருப்பீர்கள், அதையும் பிடிக்க வேண்டும்.

சொல்வதா வேண்டாமா என்றால், சொல்லத்தான் வேண்டும். ஒரே பக்கத்தில் பிழைத்திருத்தப் பட்டியல் தயாரியுங்கள்: பக்கம், வரி, இருப்பது, இருக்க வேண்டியது. நான்கு பிரதி எடுத்து அன்றைக்குத் தலைவரிடம் கேட்டுவிட்டுக் கொடுங்கள். காற்புள்ளி, எழுத்துப்பிழையை எல்லாம் அதில் நிரப்ப வேண்டாம். எண், பெயர், ஆண்டு, முடிவின் பொருள் மாறும் இடங்கள் மட்டும்.

இங்கே பலர் செய்யும் ஒரு காரியத்தைச் செய்துவிடாதீர்கள். பிழையைத் திருத்திப் புதிதாக அச்சடித்த பிரதியை அறைக்குள் கொண்டுபோவது. தேர்வாளர்கள் கையில் இருப்பது நீங்கள் ஒப்படைத்த பிரதி. அவர்கள் "பக்கம் 203, இரண்டாம் பத்தி" என்று சொல்லும்போது உங்கள் பிரதியில் அது 205ஆம் பக்கத்தில் இருந்தால், தேடுவதிலேயே பதற்றம் வந்துவிடும். ஒப்படைத்த அதே கோப்பை, அதே பக்க எண்களோடு அச்சடியுங்கள்.

அந்தப் பிரதியில் ஒட்டும் வண்ணத் தாள் எட்டு போதும்: ஆய்வுக் கேள்விகள், கருத்துருச் சட்டகம், மாதிரித் தேர்வு, கருவியின் நம்பகத்தன்மை, முக்கிய முடிவு இரண்டு, வரம்புகள், பங்களிப்பு. முப்பது ஒட்டினால் எதுவுமே கண்ணுக்குத் தெரியாது.

ஐந்து வாரத்தில் முதல் இரண்டு வாரம் வாசிப்புக்கு. ஒரு நாளைக்கு 25 பக்கம் வைத்தால் 13 நாளில் முடியும். ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரே வரி எழுதுங்கள், "இந்தப் பக்கம் என்ன சொல்கிறது" என்று. வரி எழுத வராத பக்கம்தான் நீங்களே தெளிவில்லாமல் எழுதிய பக்கம். தேர்வாளரும் அங்கேதான் நின்றிருப்பார். மூன்றாம் வாரம் கேள்விகளுக்கு விடை, நான்காம் வாரம் இரண்டு மாதிரி வைவா, கடைசி வாரம் ஸ்லைடும் தூக்கமும். மாதிரி வைவாவில் ஒன்றை உங்கள் துறை தெரிந்தவரோடும் ஒன்றைத் துறை தெரியாத ஒருவரோடும் வையுங்கள். தெரியாதவர் கேட்கும் "அப்படின்னா என்ன?" என்ற கேள்விக்குத்தான் நாக்கு ஒட்டிக்கொள்ளும்.


பதில்: பந்தாய் டாலாம்

புள்ளியியல் பகுதிக்கு மட்டும் சொல்கிறேன். வாசகி அவர்களே, நீங்கள் கொடுத்த எண்களைப் பார்த்தாலே முதல் கேள்வி தெரிகிறது.

480 பேருக்கு 214. எத்தனை பேர் உள்ள தொகைக்கு எத்தனை பேரை மாதிரியாக எடுக்க வேண்டும் என்று கிரெஜ்சி, மோர்கன் 1970இல் வெளியிட்ட அட்டவணையில் அப்படியே இருக்கும் எண் இது. மலேசியாவில் கல்வியியல் ஆய்வேடுகளில் பாதிக்குமேல் அந்த அட்டவணையைத்தான் காட்டுகின்றன என்றே எனக்குத் தோன்றும். ஆகவே கேள்வி இப்படி வரும்: "260 கொடுத்தீர்கள், சரியாக 214 வந்ததா, அல்லது 214 வந்ததும் நிறுத்தினீர்களா?" இரண்டில் எது உண்மையோ அதைச் சொல்லுங்கள். திரும்பி வந்தது 82.3 விழுக்காடு. வராத 46 பேர் யார், ஒரே பள்ளியா, ஒரே வட்டாரமா, பகுதிநேர ஆசிரியர்களா என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

அட்டவணையை மட்டும் காட்டாதீர்கள், அதன் உள்ளே இருப்பதும் தெரிய வேண்டும். மேலே 3.841, 480, 0.5, 0.5 நான்கையும் பெருக்குங்கள்: 460.92. கீழே 0.05இன் வர்க்கமான 0.0025ஐ 479ஆல் பெருக்கி, அதோடு 3.841இன் கால் பங்கான 0.96025ஐக் கூட்டுங்கள்: 2.15775. வகுத்தால் 213.6, அதாவது 214. 3.841 என்பது 95 விழுக்காட்டு நம்பக அளவுக்குரிய கை வர்க்க மதிப்பு, 0.5 என்பது மாதிரி அளவை மிகப் பெரிதாக்கும் விகிதம், 0.05 ஏற்றுக்கொள்ளும் பிழை. வெள்ளைப் பலகையில் இதை எழுதிக் காட்ட முடிந்தால் அந்தக் கேள்வி அத்தோடு முடிந்தது.

முடியாமல் போகும் இடம் அடுத்தது. அந்தச் சூத்திரம் எளிய வாய்ப்பு மாதிரிக்கு உரியது. 480 பேரின் பெயர்ப்பட்டியலிலிருந்து குலுக்கல் முறையில் எடுத்தீர்களா, அல்லது தலைமையாசிரியர் கையில் கட்டாகக் கொடுத்து வாங்கினீர்களா? இரண்டாவது என்றால் 214 என்ற எண்ணை அந்த அட்டவணை காப்பாற்றாது. "வசதி மாதிரி, ஆகவே பொதுமைப்படுத்தல் இந்த அளவோடு நிற்கிறது" என்று ஒப்புக்கொள்வதே பலம்.

இன்னும் ஆழமாகப் போகும் தேர்வாளர் பள்ளிகளைப் பற்றிக் கேட்பார். ஒரே பள்ளி ஆசிரியர்கள் ஒரே தலைமையாசிரியரின் கீழ், ஒரே கால அட்டவணையில் வேலை செய்கிறவர்கள். அவர்கள் பதில்கள் ஒன்றையொன்று ஒத்திருக்கும். 214 பேர் 28 பள்ளியில் என்றால் பள்ளிக்குச் சராசரி 7.64 பேர். பள்ளிக்குள் ஒத்திருக்கும் அளவு 0.1 என்று வைத்தால்கூட, 7.64இல் ஒன்றைக் கழித்து வரும் 6.64ஐ 0.1ஆல் பெருக்கி ஒன்றைக் கூட்ட 1.66. 214ஐ அதனால் வகுத்தால் ஏறக்குறைய 129 பேரின் தகவல்தான் கையில் இருக்கிறது. உங்கள் தரவில் அந்த ஒத்திசைவு எவ்வளவு என்று இப்போதே கணக்கிட்டு ஒரு கூடுதல் ஸ்லைடில் வைத்துக்கொள்ளுங்கள். சிறியதாக இருந்தால் நல்லது, பெரியதாக இருந்தால் வரம்புகளில் சேர்க்கத் தயாராக இருங்கள்.

பிறகு தொடர்புக் கெழு, அதாவது இரண்டு அளவுகள் எவ்வளவு சேர்ந்து மாறுகின்றன என்று காட்டும் எண். உதாரணத்துக்கு உங்களுக்கு 0.18 கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். 214 பேரில் அது 0.01 அளவில் பொருளுடையதாக வரும், நட்சத்திரம் இரண்டு போட்டிருப்பீர்கள். ஆனால் 0.18இன் வர்க்கம் 0.032. கண்டிப்பு, வாசிப்பு நேர வேறுபாட்டின் 3.2 விழுக்காட்டோடு மட்டுமே சேர்ந்து போகிறது. "பொருளுடையது என்றால் முக்கியமானது என்றா சொல்கிறீர்கள்?" என்று கேட்பார்கள். ஐந்தாம் அத்தியாயத்தில் "கண்டிப்பு வாசிப்பை மேம்படுத்துகிறது" என்று எழுதியிருந்தால் அந்த வரியைச் சிவப்பு மையில் வட்டமிடுங்கள். ஒரே நேரத்தில் எடுத்த கணிப்பில் எது காரணம் எது விளைவு என்று சொல்ல முடியாது. "தொடர்பு காணப்படுகிறது" என்று மட்டும்தான் சொல்லலாம். மலாயில் ஒரே வினைச்சொல் மாறினாலே போதும், அத்தியாயம் தப்பிக்கும்.

கேள்வித்தாளின் நம்பகத்தன்மையைக் காட்டும் கிரான்பாக் ஆல்பா 0.7க்கு மேல் இருந்தால் போதும் என்று பாடமாகச் சொல்கிறார்கள். 0.95ஐத் தாண்டினாலும் கேள்வி வரும், ஒரே வாக்கியத்தை வேறு வேறு சொல்லில் ஐந்து தடவை கேட்டிருக்கிறீர்களா என்று. ஒவ்வொரு பிரிவுக்கும் தனித்தனியாக எண் கைவசம் இருக்கட்டும். முன்னோட்டக் கணிப்பில் வந்த ஆல்பாவா முதன்மைக் கணிப்பில் வந்ததா என்பதைக் குழப்பிவிடாதீர்கள்.


பதில்: ஆயர் ஈத்தாம்

தங்கச்சி, நேர்காணல் பகுதிக்கு நான் எழுதுகிறேன். மொழிபெயர்ப்பு என்று நீங்கள் ஒரே வரியில் தாண்டிவிட்டீர்கள். தேர்வாளர் தாண்ட மாட்டார்.

உங்கள் ஆய்வின் மையச் சொல்லே "கண்டிப்பு". அதை மலாயில் எப்படிப் போட்டீர்கள்? "தெகாஸ்" என்றால் உறுதி, தளராமல் நிற்பது. "காராங்" என்றால் கடுகடுப்பு, பிள்ளைகள் பயப்படும் தன்மை. நம் ஆசிரியர் ஒருவர் "நான் கொஞ்சம் கண்டிப்புதான்" என்று பெருமையாகச் சொல்வதும், இன்னொருவர் "அந்த டீச்சர் ரொம்பக் கண்டிப்பு" என்று குறையாகச் சொல்வதும் தமிழில் ஒரே சொல். முதலாவதை "தெகாஸ்" என்றும் இரண்டாவதை "காராங்" என்றும் போட்டிருந்தால் நீங்கள் ஏற்கெனவே ஒரு விளக்கம் கொடுத்துவிட்டீர்கள். எல்லா இடத்திலும் ஒரே சொல்லைப் போட்டிருந்தால் வித்தியாசம் காணாமல் போய்விட்டது. எந்த முடிவை எடுத்தீர்கள், ஏன், 12 பேரின் மேற்கோளிலும் அது சீராக இருக்கிறதா என்று பார்த்து வையுங்கள். மூலத் தமிழ் வாக்கியம் பின்னிணைப்பில் இல்லையென்றால், குறைந்தது மேற்கோளாகப் பயன்படுத்திய வாக்கியங்களின் தமிழ் மூலத்தைத் தனியாக அச்சடித்துக் கையில் வைத்திருங்கள்.

மொழிபெயர்த்தது யார், வேறு ஒருவர் சரிபார்த்தாரா, மலாயிலிருந்து திரும்பத் தமிழுக்கு மாற்றிப் பார்த்தீர்களா என்ற மூன்றும் வரும். செய்யாததைச் செய்ததாகச் சொல்லிவிடக் கூடாது. இன்னும் ஐந்து வாரம் இருக்கிறதே, ஐந்து மேற்கோளை இரு மொழியும் தெரிந்த ஒருவரிடம் கொடுத்துத் திருப்பி மொழிபெயர்த்து வாங்கலாம். அது ஒப்படைத்த பிறகு செய்தது என்று சொல்லியே காட்டுங்கள்.

12 பேர் போதுமா என்பது அடுத்தது. 2006இல் வந்த ஒரு கட்டுரை 60 நேர்காணலில் முதல் 12க்குள்ளேயே புதிய கருத்து வருவது பெரும்பாலும் நின்றுவிட்டது என்று காட்டியது. எல்லோரும் அதை எடுத்து 12 என்று போடுகிறார்கள். ஆனால் அது ஓரளவு ஒரே மாதிரியான மக்களிடம், குறிப்பான ஒரு பொருள் பற்றிக் கேட்ட ஆய்வு. உங்கள் 12 பேரில் தோட்டப்புறப் பள்ளியும் நகரப் பள்ளியும், புதிய ஆசிரியரும் முப்பது ஆண்டு அனுபவம் உள்ளவரும் கலந்திருந்தால் அந்தக் கட்டுரை உங்களுக்குத் துணை நிற்காது. அதற்குப் பதிலாக ஒரு சின்ன அட்டவணை போடுங்கள். ஒன்றாம் நேர்காணலில் எத்தனை புதிய குறியீடு (ஒரு கருத்துக்கு நீங்கள் இட்ட பெயர்), இரண்டாவதில் எத்தனை, இப்படிப் பன்னிரண்டு வரை. கடைசி இரண்டில் புதியது இல்லை என்றால் உங்கள் தரவே பேசும். கடைசியிலும் மூன்று புதியது வந்திருந்தால் "நிறைவு எட்டியது", அதாவது இனிப் புதிய கருத்து வராது என்ற சொல்லை விட்டுவிடுங்கள்.

அனுமதிக் கடிதங்களையும் மறந்துவிடாதீர்கள். பள்ளிக்குள் நுழைய கல்வி அமைச்சின் ஆய்வுப் பிரிவான ஈபிஆர்டியின் அனுமதி, மாநிலக் கல்வி இலாகா கடிதம், பல்கலைக்கழக நெறிக்குழு ஒப்புதல். கடித எண்ணைவிடத் தேதிதான் முக்கியம். முதல் கேள்வித்தாள் எந்தத் தேதியில் பள்ளிக்குப் போனது, ஒப்புதல் எந்தத் தேதியில் வந்தது, முன்னோட்டக் கணிப்பு அதற்கு முன்னா பின்னா என்று ஒரே தாளில் காலவரிசை எழுதி வையுங்கள்.


பதில்: செந்தூல்

அக்கா, ரொம்ப யோசிக்க வேண்டாம். தேர்வாளர் எது சொன்னாலும் "நன்றி, திருத்திவிடுகிறேன்" என்று ஒத்துக்கொள்ளுங்கள். வாதாடினால்தான் சிக்கல். எழுதிக்கொண்டு தலையாட்டுங்கள், சீக்கிரம் முடியும்.


பதில்: பாகான் டாலாம்

செந்தூல் தம்பி, நல்ல மனதோடுதான் சொல்கிறீர்கள். ஆனால் இதில் ஆபத்து இருக்கிறது. அறையில் நீங்கள் ஒத்துக்கொள்வதை எல்லாம் அங்கே ஒருவர் எழுதிக்கொண்டே இருப்பார். அதுதான் பிறகு திருத்தப் பட்டியலாக வரும். "இன்னொரு மாநிலத்தின் தரவையும் சேர்த்தால் நன்றாக இருக்குமே" என்று ஒருவர் பேச்சுவாக்கில் சொல்வார். "சேர்க்கிறேன்" என்று தலையாட்டினால் மூன்று மாதத் திருத்தம் ஒரு வருட வேலையாகிவிடும்.

தேர்வாளர் சொல்வது மூன்று வகை. ஒன்று, உண்மையிலேயே தப்பு: 101.3 மாதிரி. உடனே ஒத்துக்கொண்டு நன்றி சொல்லுங்கள். இரண்டு, ரசனை: இந்தப் பத்தியை முன்னால் கொண்டு போகலாம், இந்தத் தலைப்பைச் சுருக்கலாம். செலவில்லாத காரியம், செய்துவிடுங்கள். மூன்று, உங்கள் முடிவு: ஏன் கலப்பு முறை, ஏன் இந்தக் கோட்பாடு, ஏன் பினாங்கு மட்டும். இங்கே நிற்க வேண்டும். நிற்பது என்றால் குரலை உயர்த்துவது இல்லை. "அந்த வழியையும் எடைபோட்டேன். இந்தக் காரணத்தால் இதை எடுத்தேன், பக்கம் 98இல் இருக்கிறது. அதனால் எனக்குக் கிடைக்காமல் போனது இது" என்று சொல்வது. காரணம், பக்கம், இழப்பு மூன்றும் ஒரே பதிலில் இருந்தால் ஆய்வேட்டை நீங்களே எழுதியிருக்கிறீர்கள் என்பது அவர்களுக்குத் தெரிந்துவிடும். வைவாவில் அவர்கள் உறுதிப்படுத்திக்கொள்ள விரும்பும் முதல் விஷயமே அதுதான்.

இன்னொரு மாநிலம் சேர்க்கச் சொன்னால், "அது இந்த ஆய்வின் எல்லைக்கு வெளியே போகிறது. அடுத்த ஆய்வுக்கான பரிந்துரையில் எழுதுகிறேன்" என்று பணிவாகச் சொல்லலாம். பெரும்பாலும் ஏற்றுக்கொள்வார்கள்.

தெரியாத கேள்விக்கு: முதலில் கேள்வியைத் தாளில் எழுதுங்கள். எழுதும் பத்து விநாடியில் மூச்சு சீராகும். புரியவில்லை என்றால் உங்கள் சொல்லில் திருப்பிக் கேளுங்கள். உண்மையிலேயே தெரியாது என்றால் "இதை நான் ஆராயவில்லை. என் தரவுக்கு மிக அருகில் இருப்பது இது. இதைக் கண்டுபிடிக்க இப்படிச் செய்ய வேண்டியிருக்கும்." இதோடு நிறுத்துங்கள். இல்லாத ஆய்வாளர் பெயரையோ ஆண்டையோ வாய்க்கு வந்தபடி சொன்னால், அந்தத் துறையில் முப்பது வருடம் இருப்பவர் எதிரே உட்கார்ந்திருக்கிறார். ஒரு பதில் இரண்டு நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். தாண்டினால் கேள்வியே மறந்துவிடும்.


பதில்: பிரிக்பீல்ட்ஸ்

கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறை மாதிரி இடங்களில் தமிழிலக்கியம், இதழியல் பற்றி எழுதுகிறவர்கள் இதை வாசித்துக்கொண்டிருந்தால் ஒரு குறிப்பு. "மலேசியாவின் முதல்" என்று தொடங்கும் ஒவ்வொரு வாக்கியத்தையும் தேடி எடுங்கள். தமிழ் நேசன் 1924 முதல் 2019 வரை வந்தது. நீங்கள் எந்த ஆண்டுகளின் இதழ்களைப் பார்த்தீர்கள், தாளிலா நுண்படத்திலா, எந்த மாதங்கள் கிடைக்கவில்லை என்று சொல்ல முடியாமல் "முதல் சிறுகதை", "முதல் பெண் எழுத்தாளர்" என்று எழுதியிருந்தால் அது விழும். "கிடைத்த இதழ்களில் முதலாவது" என்று இருந்தால் நிற்கும்.

யூடியூப்பில் தமிழ்நாட்டுப் பல்கலைக்கழக வாய்மொழித் தேர்வுகளைப் பார்த்துப் பயப்படாதீர்கள். அங்கே பொது அரங்கில், மாணவர்களும் உறவினர்களும் உட்கார்ந்திருக்க நடக்கும். நமக்குக் கதவு சாத்திய அறை. கூட்டத்துக்கு முன் பேசும் மேடைப்பேச்சு இங்கே உதவாது.

ஸ்லைடுக்கு வருகிறேன். எத்தனை நிமிடம் என்று அலுவலகத்தில் கேளுங்கள், பொதுவாக 15இலிருந்து 20 நிமிடம். 15 ஸ்லைடு போதும். நேரத்தைப் பின்னணிக்குக் கொட்டிவிட்டு முடிவுகளை ஓட்டமாக ஓடுவதுதான் அதிகம் நடக்கும் தப்பு. 18 நிமிடம் என்றால் பின்னணிக்கு 2, நோக்கங்களுக்கு 1, முறைக்கு 4, முடிவுகளுக்கு 7, பங்களிப்புக்கு 3, வரம்புக்கு 1. "நன்றி" ஸ்லைடுக்குப் பின்னால் கூடுதல் ஸ்லைடுகள்: மாதிரிக் கணக்கு, முழுப் புள்ளியியல் அட்டவணை, நேர்காணல் குறியீட்டு அட்டவணை, அனுமதித் தேதிகள்.

தமிழ் மேற்கோள் இருக்கும் ஸ்லைடில் எழுத்துருவைக் கவனியுங்கள். மெக் கணினியில் இணைமதி எழுத்துருவில் தயாரித்தால், அறையில் இருக்கும் விண்டோஸ் கணினியில் அந்த எழுத்துரு இருக்காது, விண்டோஸின் நிர்மலா எழுத்துருவுக்கு மாறிவிடும். வரி நீளம் மாறும், கட்டத்துக்கு வெளியே எழுத்து வழியும். பழைய, யூனிகோடு அல்லாத எழுத்துரு என்றால் வெறும் குப்பையாகத் தெரியும். பிடிஎஃப் ஆக்கிக் கொண்டுபோங்கள். பென்டிரைவில் ஒன்று, மின்னஞ்சலில் ஒன்று. மடிக்கணினிக்கு எச்டிஎம்ஐ இணைப்பான் உங்களுடையதாகவே இருக்கட்டும்.

எந்த மொழியில் பதில் சொல்வது என்பதையும் முன்கூட்டியே எழுத்துமூலம் கேட்டுவிடுங்கள். ஆய்வேடு மலாயில் இருந்தாலும் வெளித் தேர்வாளர் வெளிநாட்டவர் என்றால் ஆங்கிலத்தில் நடக்கலாம். அப்படியானால் உங்கள் இருபது முக்கியச் சொற்களை இரண்டு மொழியிலும் வாய்விட்டுச் சொல்லிப் பழக வேண்டும். மனதுக்குள் தெரிவதும் வாயில் வருவதும் வேறு.


குளுகோர் வாசகி

எல்லோருக்கும் மிக்க நன்றி. 205 கிடைத்துவிட்டது. அட்டவணை 4.9இல் 9 பேர் ஒரு கேள்வியை விட்டிருக்கிறார்கள், அங்கே சரியான எண்ணிக்கை 205. அந்த விழுக்காடுதான் 4.6க்கு வந்திருக்கிறது. 148ஆம் பக்கப் பத்தியிலும் 29.8 இருக்கிறது, குறித்துக்கொண்டேன்.

"கண்டிப்பு" என்பதை எல்லா இடத்திலும் "தெகாஸ்" என்றே போட்டிருக்கிறேன். ஆயர் ஈத்தாம் அக்கா சொன்ன பிறகு பார்த்தால், 12இல் நான்கு பேர் குறையாகச் சொல்லும் பொருளில் சொல்லியிருக்கிறார்கள். இதையும் பிழைப் பட்டியலில் சேர்க்கவா? அன்றைய நாள் எப்படி இருக்கும், முடிவு எந்த வகையில் வரும், அதன் பிறகு என்ன செய்வது என்றும் சொல்லுங்கள்.


பதில்: ஆயர் ஈத்தாம்

தங்கச்சி, பிழைப் பட்டியலில் சேர்க்காதீர்கள். அது எழுத்துப்பிழை அல்ல, விளக்கத்தில் வரும் மாற்றம். நான்கு மேற்கோளையும் தமிழ் மூலத்தோடு ஒரு கூடுதல் ஸ்லைடில் வையுங்கள். மொழிபெயர்ப்புப் பற்றிக் கேள்வி வந்தால் அதைத் திறந்து, "ஒரே சொல்லாகப் பெயர்த்ததில் இந்த வேறுபாடு மறைந்தது, திருத்தத்தில் பிரித்துக் காட்டுகிறேன்" என்று சொல்லுங்கள். கேள்வி வராவிட்டால் வரம்புகள் ஸ்லைடில் நீங்களே ஒரு வரி சொல்லிவிடலாம். கேள்வித்தாளிலும் "தெகாஸ்" தானா என்று பாருங்கள். அங்கேயும் அதே சொல் என்றால் எண்ணும் நேர்காணலும் வேறு வேறு பொருளை அளக்கின்றன என்று கேட்க இடமுண்டு. அதற்கு ஒரு பதில் யோசித்து வையுங்கள்.


பதில்: பாகான் டாலாம்

அன்றைய நடைமுறை: நீங்கள் வெளியே காத்திருக்கும்போது குழு முதலில் தனியாகக் கூடும். தேர்வாளர்களின் எழுத்து அறிக்கை அதற்கு முன்பே வந்திருக்கும், ஆகவே எங்கே கேட்பது என்று முடிவு செய்துவிட்டுத்தான் உங்களை அழைப்பார்கள். உள்ளே போனதும் உங்கள் விளக்கம், பிறகு கேள்விகள், சிலர் பொதுவாகக் கேட்பார்கள், சிலர் பக்கம் பக்கமாகப் புரட்டுவார்கள். ஒரு மணி நேரத்திலும் முடியலாம், மூன்று மணி நேரமும் போகலாம். நீளமாகப் போனால் மோசம் என்று அர்த்தமில்லை. பிறகு உங்களை வெளியே அனுப்பி முடிவெடுத்து, மறுபடி அழைத்துத் தலைவர் சொல்வார். மேற்பார்வையாளர் உள்ளே இருந்தாலும் உங்களுக்காகப் பதில் சொல்ல மாட்டார். ஆனால் கேள்விகளைக் குறிப்பெடுக்கச் சொல்லி முன்பே கேட்டு வையுங்கள், பதற்றத்தில் உங்களுக்குப் பாதி நினைவிருக்காது. அனுமதி இல்லாமல் கைப்பேசியில் பதிவு செய்ய வேண்டாம்.

பட்டர்வொர்த், புக்கிட் மெர்தாஜாம் பக்கமிருந்து வருவதாக இருந்தால் 10 மணி வைவாவுக்கு 8 மணிக்குள் பினாங்குப் பாலத்தைத் தாண்டிவிடுவது போல் கிளம்புங்கள், அல்லது முதல் நாளே தீவில் தங்குங்கள். குளுகோரிலேயே இருந்தால் கவலையில்லை. காலையில் இரண்டு இட்லி, வாழைப்பழம், அவ்வளவு போதும். எண்ணெய்ச் சாப்பாடு அன்றைக்கு வேண்டாம். தேர்வாளர்களுக்குப் பலகாரம், பரிசு என்று எதுவும் கொண்டுபோகாதீர்கள். அவர்களுக்கு வேண்டியதை அலுவலகம் பார்த்துக்கொள்ளும்.

முடிவுகளுக்குப் பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் பெயர் மாறும். திருத்தமில்லாமல் தேர்ச்சி மிக அரிது. சிறு திருத்தம், பெரிய திருத்தம், மறுபடி எழுதி ஒப்படைத்தல், குறைந்த பட்டம், தோல்வி என்று இறங்கும். சிறு திருத்தத்துக்கு மூன்று மாதம், பெரியதுக்கு ஆறு மாதம் என்ற கணக்கு பல இடங்களில் உண்டு. ஆனால் உங்களுக்கு வரும் கடிதத்தில் போட்டிருக்கும் தேதிதான் கணக்கு. அறையில் தலைவர் சொல்வது பரிந்துரை மட்டும். பல்கலைக்கழக செனட் ஒப்புதல் கொடுத்த பிறகுதான் பெயருக்கு முன்னால் முனைவர் போடலாம்.

கடிதம் வருவதற்கு முன் நினைவிலிருந்து திருத்தத் தொடங்காதீர்கள். இரண்டு தேர்வாளரும் எதிரெதிராகச் சொல்லியிருப்பது உண்டு, ஒருவர் இரண்டாம் அத்தியாயத்தைச் சுருக்கு என்பார், இன்னொருவர் விரிவாக்கு என்பார். அப்போது நீங்களே நடுவில் ஒரு வழி கண்டுபிடிக்காமல், மேற்பார்வையாளர் மூலம் தலைவரிடம் எழுத்தில் தெளிவு கேளுங்கள்.

திருத்த அட்டவணைக்கு ஐந்து நெடுவரிசை: எண், தேர்வாளர் சொன்னது அவருடைய சொல்லிலேயே, நீங்கள் செய்தது, பழைய பக்கம், புதிய பக்கம். "திருத்தப்பட்டது" என்று மட்டும் எழுதினால் திரும்பி வரும். உங்கள் அட்டவணை 4.6க்கு இப்படி எழுதலாம்: "29.8 என்பது 28.5 என மாற்றப்பட்டது. 205ஐ வகுஎண்ணாகக் கொண்டதால் நேர்ந்த பிழை. விளக்கப் பத்தியிலும் மாற்றப்பட்டது. மற்ற அட்டவணைகளும் மறுபடி சரிபார்க்கப்பட்டன." ஏற்றுக்கொள்ளாத பரிந்துரையும் அட்டவணையில் இருக்க வேண்டும், காரணத்தோடு. மாற்றிய வரிகளை மஞ்சளில் காட்டும் பிரதி ஒன்று, சுத்தமான பிரதி ஒன்று என இரண்டும் கொடுங்கள். ஒரு திருத்தத்தால் பக்கங்கள் நகர்ந்தால் உள்ளடக்கம், அட்டவணைப் பட்டியல் இரண்டையும் கடைசியில் புதுப்பியுங்கள். சுருக்கத்தில் ஓர் எண்ணை மாற்றினால் மலாய், ஆங்கிலம் இரண்டு சுருக்கத்திலும் மாற்ற வேண்டும். பிரதி திரும்பி வருவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.